கேம்ப்புக்கு மறுநாள்தான் வேலையே: நம்ம பில்டிங்ல, சால்ல கேன்சர் செக்கப் வைக்கிறது எப்படி

எங்களோடது மும்பை தாராவியில ஒரு எஸ்ஆர்ஏ பில்டிங், அதாவது குடிசையை எடுத்துட்டு கவர்மென்ட் திட்டத்துல கட்டிக் குடுத்தது. ஏழு மாடி, லிஃப்ட் இருக்கு ஆனா மாசத்துல பாதி நாள் படுத்துக்கும், பின்பக்கம் இன்னும் இடிக்காத பழைய சால் (ஒத்தை ரூம் வரிசை வீடுங்க) நாலு லைன். ரெண்டுலயும் சேத்துப் பாத்தா பாதிப் பேர் நம்ம திருநெல்வேலி தூத்துக்குடி ஆளுங்க, மீதி மராட்டிக்காரங்க, யூபிக்காரங்க. நான் டாக்டரும் இல்ல நர்ஸும் இல்ல, பச்சத் கட்ல (பொம்பளைங்க சேமிப்புக் குழு) கணக்கு எழுதுறவ, அவ்ளோதான். ஆனா நாலு வருஷமா, வருஷத்துக்கு ரெண்டு தடவை பில்டிங்லயே கேன்சர் செக்கப் வைக்கிறோம், அது தெரிஞ்சு சீத்தா கேம்ப் ஏரியாவுலருந்தும் அன்டாப் ஹில்லருந்தும் ஃபோன் போட்டு எப்படிக்கா பண்றீங்க, எங்க லைன்லயும் வைக்கணும்னு கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் பத்து நிமிஷம் வாய்ஸ் நோட் அனுப்பி தொண்டை கட்டிப் போச்சு. அதான் ஒரே தடவையா எழுதிடுறேன். நீளமாத்தான் இருக்கும், டீ போட்டு வச்சுக்கிட்டு படிங்க.

எங்க முதல் கேம்ப் ஊத்திக்கிச்சு, அதை மொதல்ல சொல்லிடுறேன். ஒரு ட்ரஸ்ட்காரங்க வந்தாங்க, பெரிய பேனர், அதுல நண்டு படம் (கேன்சரோட அடையாளம்), செவ்வாக்கிழமை காலைல 11 மணி, பில்டிங் கீழ பந்தல். 64 பேர் பேர் குடுத்திருந்தாங்க, வந்தது 9 பேர், அதுலயும் மூணு பேர் பிபி பாக்க வந்தவங்க. 11 மணிக்கு எங்க பொம்பளைங்க யாரும் வீட்ல இருக்கவே மாட்டாங்க, மாடுங்காலயும் மாஹிம்லயும் பாத்திரம் தேய்க்கப் போயிருப்பாங்க. வீட்ல இருக்கிறவளும் பந்தலுக்கு வர மாட்டா, கேரம் ஆடுற பசங்க மொத்தப் பேரும் அங்கதான் நிப்பாங்க, நண்டு படத்துக்குக் கீழ போய் லைன்ல நின்னா சாயங்காலத்துக்குள்ள "அவளுக்கு அந்த நோயாம்ல"ன்னு ஏழாவது மாடி வரைக்கும் செய்தி லிஃப்ட் இல்லாமலே ஏறிடும்.

அன்னைக்கு வந்தவங்கள்ல மூணாவது மாடி மதினி ஒருத்தங்க. ஊர்லருந்து வந்த நாள்லருந்து வெத்தலை, பாக்கு, பொயிலை. வாய்க்குள்ள வெள்ளைத் திட்டு இருக்கு, பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்தாங்க. ட்ரஸ்ட்காரங்க குரூப் ஃபோட்டோ எடுத்துட்டுக் கிளம்பிட்டாங்க. அஞ்சு மாசம் கழிச்சு சீட்டுப் பணம் வாங்க அவங்க வீட்டுக்குப் போறேன், அந்த டாக்டர் சீட்டு ஃப்ரிட்ஜ் மேல, கேஸ் புக்கோட சேத்து ரப்பர் பேண்ட் போட்டு அவ்வளவு பத்திரமா இருக்கு. ஏன் மதினி போகலன்னு கேட்டா, "போணும்ளா, ஆனா கூட யாரு வாரா"ன்னாங்க. நான் வாயத் தொறக்கல. அன்னைலருந்து எங்க கணக்கு மாறிடுச்சு, கேம்ப் வைக்கிறது கால்வாசி வேலை, சீட்டு ஃப்ரிட்ஜ் மேல ஏறாம பாத்துக்கிறது முக்கால்வாசி. கீழ எழுதுறது எல்லாமே இந்தக் கணக்குல எழுதுறதுதான்.

எதை செக் பண்றது

மூணே மூணு. வாய், மார்பு, கர்ப்பப்பை வாய். கவர்மென்ட் ப்ரோக்ராம்லயும் 30 வயசு தாண்டினவங்களுக்கு இந்த மூணைத்தான் பாக்கச் சொல்லியிருக்கு, ஏன்னா மூணையும் பெரிய மெஷின் இல்லாம பாக்கலாம், வாயிலயும் கர்ப்பப்பை வாயிலயும் கேன்சரா மாறுறதுக்கு முன்னாடியே பிடிச்சிடலாம். ஒரு சொட்டு ரத்தத்துல எல்லா கேன்சரையும் சொல்றோம், ஃபேமிலி பேக்கேஜ்னு எவனாவது வந்தா வாசல்லயே அனுப்பிடுங்க.

நம்மள மாதிரி எடத்துல இதெல்லாம் வேலைக்காகுமான்னு கமிட்டியில கேப்பாங்க, எங்க செகரெட்டரியும் கேட்டாரு. அவங்களுக்கு இதைச் சொல்லுங்க, இது வேற எங்கயும் இல்ல, மும்பை குடிசைப் பகுதியிலயே சோதிச்சுப் பாத்தது. டாடா மெமோரியல் கேன்சர் ஆஸ்பத்திரிக்காரங்க 1998-ல ஆரம்பிச்சு 20 எடத்துல, 35-லருந்து 64 வயசு வரைக்கும் சுமார் ஒன்றரை லட்சம் பொம்பளைங்க, பாதி எடத்துல ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா கர்ப்பப்பை வாய்க்கு வினிகர் டெஸ்ட்டும் மார்பைக் கையால தொட்டுப் பாக்கிறதும், மீதி எடத்துல விளக்கம் மட்டும் சொல்லி விட்டாங்க. செக் பண்ணது டாக்டருங்க இல்ல, பத்தாவது படிச்ச பொண்ணுங்க, நாலு வாரம் ட்ரெயினிங் குடுத்து எறக்கி விட்டாங்க. 2013-ல ரிசல்ட் சொன்னாங்க, கர்ப்பப்பை வாய் கேன்சர்ல சாகிறது 31 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. மார்பு ரிசல்ட் 2021-ல வந்துச்சு, 50 வயசு தாண்டினவங்கள்ல சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவு, சின்ன வயசுக்காரங்ககிட்ட அப்படி ஒண்ணும் பெருசா தெரியல. அதனால மார்பு செக்கப்புக்கு நான் ஆச்சிங்கள, பெரியம்மாங்களத்தான் மொதல்ல துரத்துவேன், அவங்கதான் "இனிமே எனக்கு என்னளா"ன்னு நழுவுறவங்க.

யாரைப் பிடிக்கிறது

பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரா லெட்டர் போடாதீங்க, பதில் வர்றதுக்குள்ள மழைக்காலம் வந்துரும். கீழருந்து பிடிங்க. உங்க லைனுக்கு வர்ற முனிசிபாலிட்டி ஆரோக்ய சேவிகா யாருன்னு கண்டுபிடிங்க, போலியோ சொட்டு மருந்துக்கு கதவுல சாக்பீஸால எழுதிட்டுப் போறாங்களே அவங்கதான். அவங்களுக்கு மேல ஹெல்த் போஸ்ட் (முனிசிபாலிட்டியோட சின்ன ஆரோக்ய நிலையம்) டாக்டர் இருப்பாங்க. எங்களுக்கு 60 ஃபீட் ரோட்ல சோட்டா சயான் இருக்கு, பெரிய சயான் ஆஸ்பத்திரியோட கிளைதான், அங்கயும் கேக்கலாம். 2022 கடைசியில ஆரம்பிச்ச ஆப்லா தவாகானா (முனிசிபாலிட்டி இலவச கிளினிக்) பக்கத்துல இருந்தா அதுவும் நல்லது, ராத்திரி 10 மணி வரைக்கும் தொறந்திருக்கிறதால வேலைக்குப் போறவங்களை அங்க அனுப்பிடலாம். சொசைட்டி லெட்டர்ஹெட்ல ஒரு பக்கம், தேதி ரெண்டு மூணு ஆப்ஷன், எத்தனை பேர், ரூம் இருக்கு கதவு இருக்கு தண்ணி இருக்குன்னு எழுதி, சீல் குத்தி, வார்டு ஆபீஸ்ல ஹெல்த் ஆபீசருக்கு ஒரு காப்பி குடுத்து இன்வர்டு நம்பர் (லெட்டர் வந்துச்சுன்னு பதிவு பண்ற நம்பர்) வாங்கிக்கோங்க. எங்களுக்கு ஜி நார்த் வார்டு, தாதர் போகணும். லெட்டர் குடுக்கப் போறப்ப மூணு பொம்பளைங்களா போங்க, தனியா போனா உக்கார வச்சிருவாங்க.

கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு, அதை யாரும் கேக்க மாட்டாங்க. "உங்க டெஸ்ட்ல ஏதாவது தெரிஞ்சா, அடுத்து எந்த ஆஸ்பத்திரி, எந்த ஓபிடி (வெளிநோயாளி பிரிவு), எந்தக் கிழமை, யார் பேருக்குச் சீட்டு?" இதுக்கு பதில் இல்லாத டீம் இலவசமா வந்தாலும் வேணாம்னு சொல்லிடுங்க. நாங்க ரெண்டு பேரை அப்படித் திருப்பி அனுப்பியிருக்கோம், ஒருத்தங்க கோவமா பேசினாங்க, பரவால்ல.

எடம், நேரம்

எஸ்ஆர்ஏ பில்டிங்னா பல்வாடிக்குன்னு ஒரு ரூம், சொசைட்டி ஆபீஸ், வெல்ஃபேர் சென்டர் குடுத்தாகணும், பாதி எடத்துல அது பூட்டித்தான் கிடக்கும் இல்லன்னா எவனாவது சிமெண்ட் மூட்டை அடுக்கி வச்சிருப்பான். அந்தச் சாவியை வாங்குறதுதான் உங்க முதல் போராட்டம். சால்ல இருக்கிறவங்களுக்கு மண்டல் (லைன் சங்கம்) ரூம், கோயில் பின்னாடி ரூம், தேவாலயத்து ஹால் ஏதாவது. ரெண்டே கண்டிஷன், உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கணும், பக்கத்துலயே டாய்லெட் இருக்கணும். பொது கக்கூஸ் தள்ளி இருந்தா பாதிப் பேர் வர மாட்டாங்க, டெஸ்ட்டுக்கு முன்னாடி ஒண்ணுக்குப் போய்ட்டு வரச் சொல்லுவாங்க, அதுக்கு ரெண்டு ரூபா சில்லறை எடுத்துட்டு சந்து சுத்தி வர எவளுக்கு நேரம் இருக்கு.

எங்க ரூம் எப்படின்னா, செவுத்துல அ ஆ சார்ட்டும் மராட்டி அட்டவணையும் ஒண்ணா ஒட்டியிருக்கும், புள்ளைங்க பெஞ்சு ரெண்டை சேத்துப் போட்டு மேல ரெக்ஸின் விரிச்சா அதுதான் டேபிள். ஜன்னல் நேரா சந்தைப் பாத்து இருக்கும், அதுக்கு எங்க சித்தியோட பழைய கண்டாங்கிச் சேலையை ரெண்டா மடிச்சுக் கட்டுவோம், ஒத்தை மடிப்புன்னா உள்ள லைட் போட்டதும் வெளிய நிழல் தெரியுது, அது ரெண்டாவது கேம்ப்ல நடுவுலதான் கண்ல பட்டுச்சு, நல்ல வேளை அப்ப உள்ள இருந்தது நான்தான்.

நேரம் மத்தியானம் 2-லருந்து 5. இதை எல்லா லைனுக்கும் சட்டமா சொல்ல மாட்டேன், உங்க லைன் பொம்பளைங்க எப்ப வீட்ல காலை நீட்டி உக்காருறாங்களோ அதுதான் உங்க நேரம். எங்களுக்கு காலைல தண்ணி வர்ற நேரம், அப்புறம் டப்பா கட்டி, வேலைக்குப் போய், 2 மணிக்குத் திரும்பி, 5 மணிக்கு மறுபடி சாயங்கால வேலை. ஞாயித்துக்கிழமை வைக்கலாம்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா ஹெல்த் போஸ்ட் ஆளுங்களுக்கு லீவு, வீட்டுக்காரர் வேற வீட்ல இருப்பாரு, கறி எடுக்கணும், சரிப்படாது. மாசத்தையும் பாத்துக்கோங்க, ஏப்ரல் பாதியிலருந்து ஜூன் வரைக்கும் நம்ம ஆளுங்க யாரு இங்க இருக்கா, ஸ்கூல் லீவு விட்டதும் நாகர்கோவில் வண்டியில ஏறிடுவாங்க, ஊர்ல கோயில் கொடை முடிஞ்சுதான் வருவாங்க. ஜூலை ஆகஸ்ட்ல சந்துல முட்டிக்கால் தண்ணி. பொங்கல் முடிஞ்சு ஒண்ணு, தீபாவளி முடிஞ்சு ஒண்ணு, அதுதான் எங்களுக்கு செட் ஆச்சு.

கூப்பிடுறது

கையில ஃபார்ம் வச்சுக்கிட்டு கதவைத் தட்டாதீங்க. 2024-ல தாராவியை இடிச்சுக் கட்டுற ரீடெவலப்மென்ட் சர்வே ஆரம்பிச்சதுலருந்து தாராவியில க்ளிப்போர்டோட யாரு வந்தாலும் எங்க கோலிய (வீட்டை) எடுக்க வந்தவன்னுதான் பாப்பாங்க, ஆதார் காட்டுங்கன்னு சொன்னீங்க, கதவு மூடிடும். மொதல் தடவை போறப்ப வெறுங்கையோட போங்க. பேரையும் ஆதாரையும் செக்கப் அன்னைக்கு சேவிகா எழுதிக்குவாங்க, அவங்ககிட்ட அதுக்குன்னு ஃபார்ம் இருக்கு, பொயிலை போடுறியா, வீட்ல யாருக்காவது இருந்துச்சா, மார்புல கட்டி இருக்கா, ரத்தப்போக்கு இருக்கான்னு வரிசையா கேள்வி.

நண்டு படம் வேணாம். அதுக்காக பொய்யும் சொல்லாதீங்க, "சும்மா சத்து மாத்திரை குடுக்காங்க வா"ன்னு கூட்டிட்டு வந்து டேபிள் மேல படுக்கச் சொன்னா அவ வாழ்க்கைக்கும் நம்ப மாட்டா, பத்து பேர்கிட்ட சொல்லியும் விடுவா. நாங்க சொல்றது இதுதான்: "கர்ப்பப்பை வாய்ல புண்ணு கிண்ணு இருக்கான்னு பாப்பாங்க, மார்பு பாப்பாங்க, வாய் பாப்பாங்க, லேடி டாக்டர், பதினஞ்சு நிமிஷம், காசு இல்ல. ஏதாவது இருந்தா நான் கூட வருவேன்." கடைசி வரியைச் சொல்லாம விடாதீங்க, அதுக்காகத்தான் பாதிப் பேர் வர்றாங்க.

மாடிக்கு ஒரு ஆள் போடுங்க, அந்த மாடியிலயே இருக்கிறவ. அவ ஏற்கனவே செக்கப் பண்ணிக்கிட்டவளா இருந்தா இன்னும் நல்லது, "வலிக்கலளா, ஜில்லுன்னு இருந்துச்சு, முடிஞ்சுது"ன்னு அவ சொன்னா போதும், பத்து நோட்டீஸுக்குச் சமம். மாமியாரை விட்டுடாதீங்க, மருமகளை மட்டும் கூப்பிட்டா "எதுக்கு அவளை மட்டும்"னு வரும், ரெண்டு பேரையும் சேத்துக் கூப்பிடுங்க.

ஃபோன்லயே சொல்லிட வேண்டியது சிலது இருக்கு. தீட்டு நாள்ல வர வேணாம், அது முடிஞ்சு வரட்டும். செக்கப்புக்கு ரெண்டு நாள் முன்னாடிலருந்து வீட்டுக்காரரோட சேர வேணாம் (இதை நான் சொல்ல மாட்டேன், எங்க நாலாவது மாடி ஆச்சிதான் சொல்லும், அது சொன்னா எல்லாரும் சிரிச்சுக்கிட்டே கேட்டுக்குவாங்க). மாசமா இருக்கிறவங்களுக்கும் இப்பத்தான் புள்ள பெத்தவங்களுக்கும் கர்ப்பப்பை வாய் டெஸ்ட் இப்ப கிடையாது. ஆபரேஷன்ல கர்ப்பப்பையை எடுத்தவங்க நம்மள்ல நிறைய, வாய் பகுதியையும் சேத்து எடுத்திருந்தா பொதுவா அந்த டெஸ்ட் தேவைப்படாது, ஆபரேஷன் பேப்பரை டாக்டர்கிட்ட காட்டட்டும், ஆனா மார்புக்கும் வாய்க்கும் கண்டிப்பா வரணும்.

உள்ள என்ன நடக்கும்

வினிகர் டெஸ்ட்னா பயப்பட ஒண்ணும் இல்ல, ஊறுகாய்க்கு ஊத்துற அதே அசிடிக் ஆசிட்தான், ரொம்ப லேசா கலந்தது. கருவியை வச்சு கொஞ்சம் விரிச்சு, பஞ்சுல தொட்டு கர்ப்பப்பை வாய்ல வச்சு, ஒரு நிமிஷம் காத்திருந்து டார்ச் அடிச்சுப் பாப்பாங்க, மாறிப்போன எடம் இருந்தா வெள்ளையாத் தெரியும். ரூம் முழுக்க ஊறுகாய் வாசம் அடிக்கும், அதைச் சொல்லி சிரிக்க வச்சாலே பாதி பயம் போயிடும். ரிசல்ட் அங்கயே தெரிஞ்சிடும், நம்மள மாதிரி எடத்துக்கு அதுதான் பெரிய வசதி, ரிப்போர்ட்டுக்காக இன்னொரு நாள் லீவு போட வேணாம். மாதவிடாய் நின்னு ரொம்ப நாள் ஆனவங்களுக்கு இந்த டெஸ்ட் சரியா காட்டாது, அந்த எடம் உள்ள போயிருக்கும், அவங்களுக்கு பாப் ஸ்மியரோ (செல்லை எடுத்து லேப்ல பாக்கிறது) எச்பிவி டெஸ்ட்டோ (இந்தக் கேன்சரை உண்டாக்குற வைரஸைத் தேடுறது) வேணும்னு டாக்டர்கிட்ட நாமளே கேக்கணும். எச்பிவி டெஸ்ட்டுக்கு சாம்பிளை பொம்பளைங்க தானே எடுத்துக் குடுக்கிற முறையும் இருக்கு, யாராவது டீம் அந்த வசதியோட வந்தா விடாதீங்க, டேபிள்ல படுக்க மாட்டேன்னு அடம் பிடிக்கிறவங்களுக்கு அதுதான் வழி.

ஒண்ணை மட்டும் வாசல்லயே பத்து தடவை சொல்லுங்க, வெள்ளையாத் தெரிஞ்சா கேன்சர்னு அர்த்தம் இல்ல. இன்னும் நல்லா பாக்கணும்னுதான் அர்த்தம். பெரும்பாலும் அது கேன்சரா இருக்காது, மாறப்போற எடமா இருந்தாலும் குளிர வச்சோ சூடு வச்சோ அதை எடுத்துடுறாங்க, பெரிய ஆபரேஷன் இல்ல. இதை முன்னாடியே சொல்லாம விட்டா வெளிய வர்றப்ப அவ மூஞ்சியைப் பாத்தே லைன்ல நிக்கிற நாலு பேர் வீட்டுக்குப் போயிடுவாங்க. அதுக்காகவே வர்ற வழி ஒண்ணு போற வழி ஒண்ணுன்னு வச்சிருக்கோம், பின்னாடி படிக்கட்டு.

மார்பு பத்தி சுருக்கமா. கட்டி பெரும்பாலும் வலிக்காது, வலிக்காததுனாலதான் விட்டுடுறாங்க. தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழி குழியா ஆகுறது, காம்பு திடீர்னு உள்ள இழுத்துக்கிறது, ரத்தம் மாதிரி கசியிறது, இதெல்லாம் கேம்ப் வரைக்கும் காத்திருக்கிற விஷயமே இல்ல, மறுநாளே ஆஸ்பத்திரி.

ஆம்பளைங்க

நம்ம நாட்டு ஆம்பளைங்களுக்கு அதிகமா வர்றது வாய் கேன்சர்தான், ஆனா கேம்ப்னா அது பொம்பளைங்க விஷயம்னு நினைச்சுக்குவாங்க. அவங்களை நீங்க வரவழைக்க முடியாது, அவங்க இருக்கிற எடத்துக்குப் போகணும். எங்க பக்கம் இட்லி விக்கிறவங்க விடியக்காலைல எந்திரிச்சு மத்தியானம் ஃப்ரீ ஆயிடுவாங்க, லெதர் கார்கானா (பட்டறை), தையல் பட்டறையில சாப்பாட்டு நேரம், அங்கயே டார்ச்சோட போயிடுவோம், கூட சேவிகாவோ டென்டல் காலேஜ் பசங்களோ வருவாங்க. வாயில இருக்கிறதைத் துப்பி, கொப்பளிச்சுட்டு, கன்னத்து உள்பக்கம், ஈறு, நாக்குக்கு அடியில, உதட்டு உள்ள. வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ரெண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், இது மூணும்தான் தேடுறது. திருவனந்தபுரத்துல 1996-ல ஆரம்பிச்ச ஆய்வுல, இப்படி டார்ச் அடிச்சு கண்ணால பாத்தே, புகையிலையோ குடியோ பழக்கம் உள்ளவங்கள்ல வாய் கேன்சர் சாவு 34 சதவீதம் குறைஞ்சுது. ஒரு டார்ச்சுக்கு இது ஜாஸ்தி.

அப்புறம் மூணு விரல் டெஸ்ட், இது கார்கானாவுல செம ஹிட். ஆட்காட்டி விரல், நடு விரல், மோதிர விரல் மூணையும் சேத்து ஒண்ணுக்கு மேல ஒண்ணா நிக்கிற மாதிரி வாய்க்குள்ள விடணும். போகலன்னா, ரெண்டு விரலுக்கு மேல வாய் தொறக்கலன்னா, காரம் சாப்பிட்டா எரியுதுன்னா, பாக்கு உள்ள வேலையைக் காட்ட ஆரம்பிச்சிடுச்சு. "நான் பொயிலை போட மாட்டேன், வெறும் சுபாரிதான்"னு சொல்றவன்தான் இதுல அதிகமா மாட்டுறான், பாக்கு தனியாவே கேன்சர் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு 2004-லயே சொல்லிடுச்சு. மகாராஷ்ட்ராவுல குட்காவுக்கு 2012-லயே தடை, பான் டப்ரியில (பெட்டிக்கடை) கிடைக்குதா இல்லையான்னு உங்களுக்கே தெரியும், மாவா வேற கையாலயே தேய்ச்சுக் குடுக்கிறான். விடணும்னு நினைக்கிறவங்களுக்கு 1800-11-2356, காசில்லாத நம்பர், கார்கானா செவுத்துல மார்க்கர்ல எழுதிட்டு வந்துடுவோம். திட்டாதீங்க மட்டும். ராத்திரி ஷிஃப்ட்ல தூக்கம் வராம இருக்கத்தான் போடுறான், அவனுக்கு வேற என்ன வழின்னும் கொஞ்சம் யோசிங்க.

நோட்டு

இனிமேதான் அந்த முக்கால்வாசி. ஒரு நீள நோட்டு வாங்குங்க, 200 பக்கம், மொபைல்ல வேணாம், மொபைல் யார் கைக்கும் போகும். நோட்டு ஒருத்தர் வீட்ல, பூட்டுள்ள பீரோவுல. சீட்டு வாங்கினவங்களுக்கு மட்டும் ஆளுக்கு ஒரு பக்கம். மேல ரூம் நம்பரும் ஃபோனும், நோய் பேரு எழுதாதீங்க, நாங்க வா, மா, க-ன்னு ஒரு எழுத்து போடுவோம். கீழ அஞ்சு கோடு: என்னைக்குப் போனாங்க, யார் கூடப் போனா, என்ன டெஸ்ட் எழுதினாங்க, ரிப்போர்ட் என்னைக்கு, அடுத்து என்னைக்கு வரணும். அஞ்சு கோடும் நிரம்பற வரைக்கும் அந்தப் பக்கம் மடிக்கப்பட்டே இருக்கும், நிரம்பினதும் மடிப்பை எடுத்துடுவோம். எத்தனை பக்கம் மடிஞ்சிருக்குன்னு மேலருந்து பாத்தாலே தெரியும். போன கேம்ப்ல 58 பேர் வந்தாங்க, ஏழு பக்கம் மடிஞ்சுது, இப்ப ஒண்ணுதான் பாக்கி, அவங்க ஊருக்குப் போய் பாத்துக்கிறேன்னு போனவங்க. "ஊர்ல பாத்துக்கிறேன்"ங்கிறது நம்ம ஆளுங்ககிட்ட ரொம்ப ஆபத்தான வார்த்தை, ஊர்லயும் பாக்க மாட்டாங்க இங்கயும் பாக்க மாட்டாங்க, அதனால ஊர்ல எந்த ஆஸ்பத்திரி, கூட எந்தத் தம்பி தங்கச்சி, அவங்க ஃபோன் நம்பர் என்னன்னு அந்தப் பக்கத்துலயே வாங்கிக்கோங்க.

கூடப் போற அக்காங்க மூணு நாலு பேரை முன்னாடியே பேசி வைங்க. ஹிந்தியோ மராட்டியோ பேசத் தெரிஞ்சிருக்கணும், எங்க பெரியம்மாங்க முப்பது வருஷம் இங்க இருந்தும் காய்கறிக்காரன்கிட்ட பேசுற ஹிந்திதான், கவுன்டர்ல அவன் "பீமாரி கப் சே ஹை"ன்னு (நோய் எப்பலருந்து) கேட்டா "ஹாங் ஹாங்"னுதான் (ஆமா ஆமா) தலையாட்டுவாங்க. கூடப் போறவளுக்கு அன்னைக்கு வேலை போகும், அந்தக் கூலியை பச்சத் கட்லருந்து குடுக்கிறோம், போற வர்ற டிக்கெட்டும். சேவைன்னு சொல்லி ஓசியில அனுப்பிப் பாத்தோம், ரெண்டு தடவைக்கு மேல யாரும் வரல, நியாயம்தானே.

சயான் ஆஸ்பத்திரின்னா நடந்தே போயிடலாம். டாடாவுக்கு எழுதிக் குடுத்தா சயான் ஸ்டேஷன்ல ஸ்லோ லோக்கல், மாடுங்கா, தாதர், அடுத்தது பரேல், கிழக்குப் பக்கம் எறங்கி யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. காலைல சீக்கிரம் போங்க, டப்பா கட்டிட்டுப் போங்க, முழு நாள் ஆகும்னு வீட்ல சொல்லிட்டுப் போங்க. முதல் நாள் ஃபைல் போடுறதுலயே பாதி நாள் போயிடும், அதைப் பாத்து மிரண்டு திரும்பி வந்துடாதீங்க. காசு கட்ட முடியாதுன்னா அங்க மெடிக்கல் சோஷியல் வொர்க்கர் இருப்பாங்க, மொதல்லயே அவங்களைப் பாருங்க, பில் வந்தப்புறம் இல்ல.

கார்டு விஷயம். வைத்தியம்னு போனா மகாராஷ்ட்ரா கவர்மென்ட்டோட மகாத்மா ஜோதிராவ் புலே ஜன ஆரோக்ய யோஜனால குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் உண்டு, ஆஸ்பத்திரியில ஆரோக்யமித்ரான்னு ஒரு டெஸ்க் இருக்கும், ரேஷன் கார்டும் ஆதாரும் காட்டணும், வைத்தியம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அப்ரூவல் வாங்கணும். நம்மள்ல நிறைய பேருக்கு ரேஷன் கார்டு ஊர்லயே இருக்கும், இல்ல ஆதார்ல ஒரு பேரு கார்டுல ஒரு பேரு, ஒண்ணுல இனிஷியல் முன்னாடி ஒண்ணுல அப்பா பேரு பின்னாடி. சீட்டு வந்தப்புறம் இதைச் சரி பண்ண ஓடாதீங்க, சும்மா இருக்கிற மாசத்துல லைன்ல எல்லார் கார்டையும் வாங்கிப் பாத்து சரி பண்ணி வைங்க. கேம்ப்புக்கு வராதவங்க கூட இதுக்கு வருவாங்க.

பொண்ணுங்க ஊசி

கர்ப்பப்பை வாய் கேன்சருக்கு காரணம் அநேகமா எப்பவும் எச்பிவி வைரஸ்தான், அதுக்கு ஊசி இருக்கு, 9-லருந்து 14 வயசுக்குள்ள போட்டா ரொம்ப நல்லது. புனேயில சீரம்காரங்க செர்வாவாக்னு நம்ம நாட்டுலயே பண்ணி 2023-ல எறக்கியிருக்காங்க. வெளிய காசு குடுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஸ்கூல்லயும் ஹெல்த் போஸ்ட்லயும் இலவசமா கிடைக்குமான்னு கேட்டுருங்க. "கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு எதுக்கு இது"ன்னு எங்க அத்தான் கேட்டாரு, கல்யாணத்துக்கு முன்னாடி போட்டாத்தான் நல்லா வேலை செய்யும், அம்மை ஊசி அம்மை வந்தப்புறமா போடுறோம்னு கேட்டேன், பேசாம போய்ட்டாரு, மறுவாரம் மகளை அவரே கூட்டிட்டு வந்தாரு. போட்டுக்கிட்டாலும் 30 வயசுக்கு மேல செக்கப் விடக்கூடாது, அதையும் சொல்லிடுங்க.

மூணாவது மாடி மதினியைக் கடைசியில நான்தான் கூட்டிட்டுப் போனேன். கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட் பண்ணாங்க, கேன்சர் இல்ல, ஆனா மாறக்கூடிய திட்டு, ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டணும், பொயிலையை நிறுத்தணும்னு சொன்னாங்க. பொயிலையை நிறுத்திட்டாங்க, பாக்கு இன்னும் இடுப்புல முடிஞ்சுதான் இருக்கு, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. அவங்க பக்கம் நோட்டுல இன்னும் மடிஞ்சே இருக்கு, அடுத்த தேதி தை மாசம் மூணாவது வாரம், அன்னைக்கு சயான் ஓபிடிக்கு யாரு கூடப் போறதுன்னு நேத்துதான் பேசி முடிச்சோம்.

ஆங், டார்ச்சுக்கு எக்ஸ்ட்ரா செல் வாங்கி வச்சுக்கோங்க, செக்கப் நடுவுல கரண்ட் போகாம இருந்ததே இல்ல.